பூட்ஸுக்குள் ஐந்து சீட்டு

கேரட் கழுவும் மிஷின் நின்ற பின்னும்
காதுக்குள் அது கொஞ்ச நேரம் சுற்றும்.
அந்த இரைச்சலில்தான் பேசி முடித்தோம்,
கேத்தி பாலாடாவில் ஐந்து பேர்,
மார்கழி இரவு,
விரல்நுனிகள் வேறு யாருடையவோ போல.

ஹெவி லைசென்ஸுக்கு ஊட்டியில் இருபத்தாறாயிரம் கேட்டார்கள்.
ஏற்றம் கிளட்ச்சைத் தின்னும், டீசலைக் குடிக்கும்,
அதற்கும் சேர்த்துத்தான் என்றார் பள்ளிக்காரர்.
மேட்டுப்பாளையத்தில் பதினெட்டு. சமதரை.
மலையில் பிறந்து மலையில் ஓட்டப்போகிறவர்கள்
தட்டையான தரையில் கற்றால் மலிவு.
ஐந்தால் வகுத்தால் மூவாயிரத்து அறுநூறு.
மாதம் ஒருவர்.
ஏலம் இல்லை, கமிஷன் இல்லை, தள்ளு இல்லை.

பஸ் டிக்கெட்டின் பின்புறம் பெயரெழுதி
கங்காதரனின் ரப்பர் பூட்ஸில் போட்டுக் குலுக்கினோம்.
இதைச் சொல்லிவிடுகிறேன்:
என் சீட்டை நான் தடிமனாக மடித்தேன்.
உள்ளே விடும் கை தடித்ததைத்தானே முதலில் தொடும்.
பூட்ஸுக்குள் தண்ணீர் இருக்கும் என்று யோசிக்கவில்லை.
மரியநாதன் வந்தார். கங்காதரன். ஜக்கரியா. பெள்ளி.
அமுதவல்லி அடியில் ஒட்டிக்கொண்டு
கவிழ்த்துத் தட்டியும் விழவில்லை.
கடைசி ஆளுக்குச் சீட்டு எதற்கு என்று
பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டார் கங்காதரன்,
என் பெயரை மிதித்தபடி.

நான்கு மாதம்
அடுத்தவர் கிளட்ச்சுக்குப் பணம் கட்டினேன்.
பாவம் என்று யாரும் சொல்லவில்லை, அது நல்லதாயிற்று.
கார் லைசென்ஸ் என்னிடம் ஏற்கெனவே இருந்தது.
மகளிர் குழுவில் இலவசமாகக் கற்றுக்கொடுத்தபோது எடுத்தது;
மூன்று வருஷத்தில் அது போன ஒரே தூரம்
ரேஷன் கடை வரைக்கும்,
அடையாள அட்டையாக.

என் முறை வந்த சித்திரையில்
கட்டணம் பத்தொன்பதரை ஆகியிருந்தது.
நான் வாயைத் திறக்கவில்லை.
பெள்ளி ரசீதைப் பார்த்துவிட்டார்.
ஆயிரத்து ஐந்நூறை நான்கால் வகுத்தார்கள்,
முந்நூற்று எழுபத்தைந்து.
ஜக்கரியா நானூறாகக் கொடுத்தான்.
அந்த இருபத்தைந்து ரூபாயை
இன்றுவரை டீயாகக் குடித்துக்கொண்டிருக்கிறான்.

முதல் நாள் பெடல் எட்டவில்லை.
காலி கேரட் சாக்கை மடித்து முதுகுக்கு வைத்தேன்.
கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி என்னைத் திட்டியது,
நானும் திட்டினேன்.
ரிவர்ஸ் மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.
ஒன்பது வருஷம் லாரிகளின் பின்னால் நின்று
வரலாம் வரலாம் என்று தட்டியவள்;
பின்சக்கரம் எங்கே இருக்கிறதென்று
என் உள்ளங்கைக்குத் தெரியும்.

டெஸ்ட் நாளில் ஒருவன் அருகே வந்தான்.
இன்னும் நாலாயிரம் வை, ஓட்டிக் காட்டவே வேண்டாம்.
கல்லாறு வளைவிடமும் நீயே பேசிவிடுவாயா என்றேன்.
சிரித்தான். அடுத்த ஆளிடம் போனான்,
அந்த ஆள் பையைத் திறந்தார். அது அவர் பாடு.

என்ன லோடு ஏற்றப் போகிறாய் என்றார் இன்ஸ்பெக்டர்.
கேரட் என்றேன்.
சாக்கைப் பார்த்தார், தெரிகிறது என்றார்.

முதல் நடை, இரவு இரண்டு மணி.
நடைக்கு ஆயிரத்து இருநூறு;
இதே இரவுக்குக் கழுவும் கூலி ஐந்நூறு.
வழக்கமான மூடுபனிகூட அன்று இல்லை,
பயத்துக்குச் சாக்குச் சொல்ல எதுவும் இல்லை.
எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு.
காட்டேரி தாண்டியதும்
முன்னால் போன ஜக்கரியாவின் சிவப்பு விளக்கை
வளைவு ஒன்று எடுத்துக்கொண்டது.

ஆனால் கழுவிய கேரட் வழியெல்லாம் சொட்டும்.
தார்மேல் கறுத்த ஈரக்கோடு
வளைந்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது.
அதை விடாமல் பிடித்துக்கொண்டு
இரண்டாம் கியரில் இறங்கினேன்.
எனக்குப் பின்னாலும்
சொட்டிக்கொண்டுதான் வந்திருக்கும்.